கன்னத்தில் அறை விழுவதற்கு முந்தைய பத்து நிமிடம்

வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்பும் சிறிய சேவை ஒன்றை நடத்துகிறீர்கள். பன்னிரண்டு பேர் உங்களிடம் வேலை செய்கிறார்கள். குளிப்பாட்டுவது, படுக்கையில் புரட்டிப் படுக்கவைப்பது, டயப்பர் மாற்றுவது, மருந்து நேரம் பார்ப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. மறதிநோய் உள்ளவர்களின் வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் சில வாரங்களில் நின்றுவிடுகிறார்கள். நாலு வருடமாக உங்களுடன் இருந்த ஒரு பெண்ணை, அவர் பார்த்துக்கொண்ட மூதாட்டி போன மாதம் குளியலறையில் கன்னத்தில் அறைந்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வரவில்லை. இனிப் பயிற்சி கொடுத்த பிறகுதான் அனுப்புவது என்று முடிவுசெய்து, எத்தனை நாள் வேண்டும், பாடத்திட்டம் என்ன, வீடியோ காட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாடத்திட்டம் கேட்பதுபோல் இருந்தாலும், அந்த அறை ஏன் விழுந்தது, இன்னொன்று விழாமல் என்ன செய்வது, விழுந்துவிட்டாலும் அவர் மறுநாள் வேலைக்கு வரும்படி எப்படிப் பார்த்துக்கொள்வது என்பவைதான் உங்களை உறுத்துகின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். நான் முதியோர் வார்டில் செவிலியராக இருந்தவள். பிறகு 16 ஆண்டுகளாக வீட்டுப் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். நான் மருத்துவர் இல்லை என்பதால் எந்த மருந்து, எவ்வளவு என்பதற்குள் போகமாட்டேன்.

ஆரம்பத்தில் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்களும் அந்த வழியில்தான் போகப் பார்க்கிறீர்கள். என் முதல் பயிற்சி இரண்டு நாள் வகுப்பு. மூளையின் படம், 1906-இல் அலாய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையில் கண்டதைச் சொன்ன கதை, நோயின் நிலைகள், கடைசியில் ஒரு தேர்வு. எல்லோரும் நன்றாகவே எழுதினார்கள். சில வாரம் கழித்து, அதில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண்ணுடன் அவர் வேலை செய்யும் வீட்டுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா, "அவர் இன்னும் வரலையா?" என்று இறந்துபோன கணவரைத் தேடினார். பராமரிப்பாளர் அன்பாகத்தான் சொன்னார்: "ஐயா இறந்து ஆறு வருஷம் ஆச்சேம்மா, மறந்துட்டீங்களா?" அந்த அம்மா அப்போதுதான் சாவுச் செய்தி கேட்டவர்போல் அழுதார். ஒரு மணி நேரத்தில் இது மூன்று முறை நடந்தது. நினைவு எப்படி அழிகிறது என்று நான் கற்றுக்கொடுத்த அத்தனையும் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அந்த நொடியில் வாயில் வரவேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் நான் கொடுத்திருக்கவில்லை.

அதனால் நோயைப் பற்றிக் கொஞ்சமாகவே சொல்லுங்கள். ஆனால் சொல்வது வேலைக்கு உதவ வேண்டும். மறதிநோய் என்பது ஒரே நோய் இல்லை. அல்சைமர்தான் அதிகம், மறதிநோய்களில் 60 முதல் 70 சதவீதம் வரை அதுவாக இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை நெடுநாள் நிற்கும். லூயி பாடி என்ற வகையில் இல்லாத ஆட்களும் விலங்குகளும் கண்ணுக்குத் தெரியும். காலையில் தெளிவாகப் பேசியவர் மதியம் தன் வீட்டையே அடையாளம் தெரியாமல் நிற்பார். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் ஆரம்பத்தில் நினைவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கூச்சமும் கட்டுப்பாடும்தான் போய்விடும். அந்த வீடுகளில் குடும்பத்தினர், "எல்லாம் ஞாபகம் இருக்கு, வேணும்னே பண்றார்" என்பார்கள். பராமரிப்பாளரும் அதை நம்பிவிடுவார். நம்பிவிட்டால் பிறகு அவர் காதில் விழும் ஒவ்வொரு வசையும் அவரைப் பார்த்துச் சொன்னதாகவே ஆகிவிடும்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். நடந்தது மறந்துபோனாலும் அது தந்த உணர்வு தங்கிவிடுகிறது. 2014-இல் வெளியான ஒரு ஆய்வுக்காக அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துணுக்குகளும் மகிழ்ச்சியான படத்துணுக்குகளும் காட்டிச் சோதித்தார்கள். பார்த்ததை அவர்கள் கிட்டத்தட்ட மறந்த பிறகும் சோகமோ மகிழ்ச்சியோ மனதில் நீடித்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இந்த வேலையில் பல வருடம் இருந்த யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். காலை ஏழு மணிக்கு அதட்டியது எட்டு மணிக்கு மறந்திருக்கும். ஆனால் பத்து மணிக்கு அந்தப் பராமரிப்பாளர் பக்கத்தில் வந்தாலே உடம்பு விறைக்கும். ஏன் என்று அவருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

இப்போது அந்தக் குளியலறைக்கு வருகிறேன். என் பயிற்சியில் பாதி நேரம் இந்த ஒரு விஷயத்துக்குத்தான் போகிறது. யாராவது "அவங்க அடிச்சிட்டாங்க" என்று சொன்னால், அடித்ததைப் பற்றி நான் கேட்பதில்லை. அதற்கு முந்தைய பத்து நிமிடத்தைக் கேட்பேன். நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள்? முதலில் என்ன சொன்னீர்கள்? அவர் கையில் என்ன இருந்தது? தண்ணீர் முதலில் எங்கே பட்டது? அறையில் வேறு யார் இருந்தார்கள்? டி.வி. ஓடிக்கொண்டிருந்ததா? அடித்த பிறகு என்ன நடந்தது, குளியல் நின்றதா, தொடர்ந்ததா? முன்னால் நடந்தது, நடந்தது, பின்னால் நடந்தது என்று பிரித்துப் பார்ப்பது நடத்தை மருத்துவத்தில் பழைய முறை. மறதிநோய்ப் பராமரிப்பில் இன்று பரவலாகச் சொல்லித்தரப்படும் முறைகள் பலவும் இதன்மேல்தான் நிற்கின்றன: நடந்ததை விவரி, காரணத்தைத் தேடு, ஒரு வழியை முயன்று பார், பலித்ததா என்று சோதி.

ஒரு குளியலை அந்த மூதாட்டியின் பக்கத்திலிருந்து பாருங்கள். யாரென்று தெரியாத ஒருத்தி கையைப் பிடித்து எழுப்புகிறாள். "வாங்க, எழுந்திருங்க, குளிக்கலாம், நேரமாச்சு" என்று ஒரே மூச்சில் நாலு சொல்கிறாள். முதலாவதைப் புரிந்துகொள்வதற்குள் மற்ற மூன்றும் கடந்து போய்விடுகின்றன. எதிரொலிக்கும் சின்ன அறை, குளிர்ந்த தரை. அந்நியர் ஒருவர் ஆடையைக் கழற்றுகிறார். பின்னாலிருந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, தலையில் தண்ணீர் விழுகிறது. அந்த நிலையில் கையை ஓங்குவதைத் தாக்குதல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தன்னைக் காத்துக்கொள்கிறார். டாம் கிட்வுட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1997-இல் எழுதிய நூலில் வலியுறுத்தியதும் இதைத்தான். மறதிநோய் உள்ளவரின் துன்பம் முழுவதும் மூளையிலிருந்து வருவதில்லை. சுற்றியிருப்பவர்கள் அவரை நடத்தும் விதத்திலிருந்தும் வருகிறது. அவசரப்படுத்துவது, அவர் அங்கே இல்லாததுபோல் அவர் தலைக்கு மேல் பேசிக்கொள்வது, குழந்தையைப்போல் கொஞ்சுவது எல்லாம் கிட்வுட்டின் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைச் செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை என்றும் அவர் சொன்னார். பயிற்சியில் அந்தப் பகுதியை நான் விடுவதே இல்லை. குற்றம்சாட்டப்படுவதாக உணரும் பராமரிப்பாளரால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இதைப் பேசிப் புரியவைக்க முடியாது, செய்துதான் காட்ட வேண்டும். நான் செய்யும் பயிற்சி மிக எளிது. ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வேன். இன்னொருவர் பின்னாலிருந்து வந்து, ஒரு சொல்கூடச் சொல்லாமல், ஈரத்துணியால் முகத்தைத் துடைக்க வேண்டும். எல்லோரும் துள்ளிவிடுவார்கள். சிலர் துடைப்பவரின் கையைத் தட்டிவிடுவார்கள். அடுத்த முறை, முன்னால் வந்து, கண் மட்டத்துக்குக் குனிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெதுவெதுப்பான துணியை உட்கார்ந்திருப்பவரின் கையிலேயே கொடுத்து, அந்தக் கைக்கு அடியில் தன் கையை வைத்து மெதுவாக முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகாது. வருடங்கள் கழித்துச் சந்திக்கிறவர்கள் நான் நடத்திய வகுப்புகளில் இதை ஒன்றைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

பிறகு குளியலைச் சின்னச் சின்ன அடிகளாக உடைத்துச் சொல்லிக்கொடுங்கள். அறையை முதலில் சூடாக்குங்கள், துண்டையும் தண்ணீரையும் தயாராக வைத்துவிட்டுக் கடைசியில் ஆளை அழையுங்கள். உடம்பைத் துண்டால் மூடியபடியே, கழுவும் பகுதியை மட்டும் திறக்கலாம். காலிலிருந்து தொடங்கலாம், முகத்தையும் தலையையும் கடைசியில் அல்லது வேறொரு நாளில் வைத்துக்கொள்ளலாம். குளியலறைக்கே வரமறுத்தால், படுக்கையிலேயே பெரிய வெதுவெதுப்பான துண்டுகளால் போர்த்தி, அலசத் தேவையில்லாத சோப்பால் துடைத்தெடுக்கலாம். முதியோர் இல்லங்களில் வழக்கமான குளியலோடு ஒப்பிட்டு நடத்தி, 2004-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆளுக்கேற்ப மாற்றிய குளியலும் இந்தத் துண்டுக் குளியலும் கலக்கத்தையும் அடிப்பதையும் தெளிவாகக் குறைத்தன. எனவே இது என் அனுபவம் மட்டும் இல்லை, ஆய்வும் இதையே சொல்கிறது. ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம் ஒரு கேள்வியில் இருக்கிறது: இன்றைக்குக் குளிக்காவிட்டால் என்ன ஆகிவிடும்? பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாது. அதை முடிவு செய்யும் உரிமை பராமரிப்பாளருக்கு இருக்கிறதா என்பதுதான் சிக்கல். ஒன்பது மணிக்குள் குளிப்பாட்டி முடிக்கவில்லை என்றால் குடும்பம் உங்களுக்குப் போன் செய்யும், நீங்கள் அவரைக் கேட்பீர்கள் என்று தெரிந்தால், அவர் வலுக்கட்டாயமாகக் குளிப்பாட்டத்தான் செய்வார். எந்தப் பயிற்சியும் அந்தப் பயத்துக்கு ஈடு கொடுக்காது. "மறுத்தால் நிறுத்திவிட்டு, இருபது நிமிடம் கழித்து மறுபடி முயலலாம், இன்று வேண்டாமென்றால் நாளைக்குத் தள்ளலாம்" என்ற விதியை நீங்கள் எழுதி, குடும்பத்திடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அடிப்பதற்குப் பின்னால் வலி இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. சட்டை மாட்டும்போதெல்லாம் கடிக்க வரும் ஒரு பெரியவரைப் பற்றி ஒரு பராமரிப்பாளர் சொன்னார். எந்தக் கையை முதலில் நுழைக்கிறீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, வலது கை என்றார். இடது தோளைத் தூக்கவே முடியாத அளவுக்கு மூட்டு இறுகியிருந்தது. அதைச் சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை. வலியுள்ள கையை முதலில் நுழைத்து, ஆரோக்கியமான கையைக் கடைசியில் நுழைத்தபோது கடிப்பது நின்றுபோனது. வாய் திறந்து சொல்ல முடியாதவர்களின் வலியை அளக்க, மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் முறை 2003-இலேயே வந்துவிட்டது. மதிப்பெண் போடாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஐந்தையும் பார்க்கும் கண் வந்தால் போதும்.

இதோடு சேர்ந்த ஒரு விதியைச் சுவரில் ஒட்டும் அளவுக்கு அழுத்திச் சொல்லுங்கள். மறதிநோய் பெரும்பாலும் மாதக்கணக்கில்தான் முற்றும். ஓரிரு நாளில் ஒருவர் ஆளே மாறிப்போனால், திடீரென்று பிதற்றினாலோ, சுருண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ, அது "நோய் முற்றிவிட்டது" என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. டெலிரியம் என்று மருத்துவமனையில் சொல்லும் திடீர்க் குழப்பமாக இருக்கலாம். தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சிறுநீர் அடைபட்டுப்போவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, கீழே விழுந்து பட்ட அடி என்று பல காரணங்கள் உண்டு. பலவற்றைச் சரிசெய்ய முடியும். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதல் நாளும் அவரைப் பார்த்த ஒரே ஆள் பெரும்பாலும் உங்கள் பராமரிப்பாளர்தான். "நேற்று இப்படி இல்லை" என்று அவர் சொல்வதற்கு இணையான பரிசோதனை எதுவும் இல்லை.

மருந்தைப் பற்றிப் பேசமாட்டேன் என்று சொன்னேன், ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலக்கத்தை அடக்க மனநோய் மருந்துகள் கொடுப்பது பரவலாக இருக்கிறது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2008-இல் பழைய வகை மருந்துகளுக்கும் அதை நீட்டித்தது. லூயி பாடி வகையில் இவற்றில் சில உடம்பை ஆபத்தான அளவுக்கு முடக்கிவிடும். சில சமயம் வேறு வழியில்லாமல் கொடுக்க வேண்டியிருக்கும்; அது மருத்துவரின் முடிவு. ஆனால் "ரொம்ப வயலன்ட்டா இருக்காங்க டாக்டர்" என்று மட்டும் காதில் விழுந்தால் மருத்துவர் மாத்திரைதான் எழுதுவார். "வலது தோளைத் தொடும்போது மட்டும் அடிக்கிறார்" என்று கேட்டால் தோளைப் பார்ப்பார். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்த பராமரிப்பாளரை உருவாக்குவதுதான் உங்கள் பயிற்சியின் நோக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். குடும்பமே கெஞ்சிக் கேட்டாலும் எழுதித் தராத தூக்கமாத்திரையைக் கூடுதலாகக் கொடுக்கக்கூடாது, கட்டிலோடு கட்டக்கூடாது என்ற இரண்டுக்கும் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி இப்போது. உங்கள் ஆட்கள் நின்றுபோக அறையைவிடப் பெரிய காரணம் இதுவாக இருக்கலாம். அது திருட்டுப் பழி. தன் நகையை, பணத்தை, மூக்குக்கண்ணாடியை எங்கோ பத்திரமாக வைத்துவிட்டு, வைத்ததையே மறந்துபோன ஒருவருக்கு, பொருள் காணாமல்போனதை எப்படியாவது விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் புதிதாக வந்தவர் ஒருவர்தான். மனம் அங்கேதான் போகும். மூளை தன் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது, அதில் வன்மம் இல்லை. ஆனால் கேட்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கூலிக்கு வந்தவர், அந்த வீட்டில் அவருக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை, திருடி என்ற சொல் ஒருமுறை ஒட்டினால் அடுத்த வீடு கிடைக்காது. நோயாளி அடித்தால் தாங்கிக்கொள்பவர்கள்கூட இதைத் தாங்குவதில்லை. தாங்கச் சொல்வதும் நியாயமில்லை.

இதற்குப் பாதிப் பயிற்சி பராமரிப்பாளருக்கு, பாதி குடும்பத்துக்கு. பராமரிப்பாளருக்குச் சொல்லவேண்டியது: "நான் எடுக்கலைம்மா" என்று தொடங்கினாலே வாக்குவாதம்தான். "காணோமா? அது உங்களுக்கு ரொம்ப முக்கியமாச்சே. வாங்க, சேர்ந்து தேடலாம்" என்பது வேறு திசையில் கூட்டிப்போகும். கிடைத்துவிட்டால் தானே எடுத்துக் கொடுக்காமல், அவரே கண்டெடுக்கும்படி விடவேண்டும். எங்கிருந்து கிடைத்தது என்று குறித்துவைத்தால், அடுத்தமுறை தேடும் இடம் தெரியும். குடும்பத்துக்கு, வேலை தொடங்கும் முன்பே நீங்களே நேரில் சொல்ல வேண்டும்: இந்தப் பழி பெரும்பாலும் வரும், வந்தால் என்ன செய்வோம், விலையுயர்ந்த பொருட்களை இப்போதே வேறிடத்துக்கு மாற்றுங்கள், மாற்றியதன் பட்டியலில் இருவரும் கையெழுத்திடுவோம். நோயாளியின் முன்னால் பராமரிப்பாளரை விசாரிக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே திருட்டு நடப்பதும் உண்டு, நோயாளி சொல்வதாலேயே எந்தப் புகாரையும் ஒதுக்கிவிடவும் கூடாது. முன்கூட்டியே போட்ட பட்டியல் நேர்மையானவரையும் காக்கும், முதியவரையும் காக்கும்.

இறந்த கணவரைத் தேடிய அம்மாவிடம் என்ன சொல்வது என்ற கேள்வியில் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உண்மையைச் சொல்லித் திருத்த வேண்டும் என்ற பழைய வழக்கத்தைக் கிட்டத்தட்ட எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக என்ன என்பதில்தான் வேறுபாடு. நயோமி ஃபைல் என்பவர் உருவாக்கிய முறை, சொல்லின் உண்மையை விட்டுவிட்டு அதிலுள்ள உணர்வை ஏற்கச் சொல்கிறது. பலரும் அதை மதிக்கிறார்கள், ஆனால் அது பலனளிக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆய்வுச் சான்று சேரவில்லை. "வந்துகொண்டே இருக்கிறார்" என்று ஆறுதலுக்காகப் பொய் சொல்லலாம் என்பவர்களும் உண்டு, கூடாது என்பவர்களும் உண்டு. என் முடிவு இது: திருத்தவும் வேண்டாம், கதை கட்டவும் வேண்டாம். "அவரை ரொம்பத் தேடுதா? அவர் எப்படி இருப்பார், சொல்லுங்களேன்" என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு அவரைப் பற்றி நகர்ந்துவிடும். நகராத நாளும் வரும். அப்போது என்ன சொல்வது என்று குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி, எல்லோரும் ஒன்றையே சொல்வது நல்லது. மகள் ஒன்று, பராமரிப்பாளர் ஒன்று என்று சொன்னால்தான் அந்த அம்மா உண்மையில் பயந்துபோகிறார்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். மறதிநோய்ப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் குழு 2017-இல் வெளியிட்ட முடிவுகள் என் அனுபவத்தோடு ஒத்துப்போகின்றன. நேருக்கு நேர் நடப்பது, பங்கேற்பவரின் அன்றாட வேலையோடு ஒட்டியிருப்பது, கலந்துரையாடலும் செய்முறையும் இருப்பது, அனுபவமுள்ளவர் நடத்துவது, மொத்தம் 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் ஒரு அமர்வு ஒன்றரை மணிக்குக் குறையாமலும் இருப்பது ஆகியவை உள்ள பயிற்சிகளுக்குப் பலன் அதிகம். கையேட்டைக் கொடுத்துப் படித்துக்கொள்ளச் சொல்வதும், தனியாகக் கணினி முன் உட்காரவைப்பதும் பலவீனமானவை. எனவே வீடியோ மட்டும் போதாது. தூக்குவது, திருப்புவது போன்ற கைவேலையை நினைவூட்ட வீடியோ நல்லது. உலக சுகாதார நிறுவனம் ஐ-சப்போர்ட் என்ற இணையவழிப் பயிற்சியை வைத்திருக்கிறது. அது முதன்மையாகக் குடும்பத்தினருக்கானது என்றாலும், அதில் உள்ள சூழ்நிலைகளை எடுத்து உங்கள் ஆட்களோடு உட்கார்ந்து விவாதிக்கலாம்.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் நோயாளியின் கலக்கம் குறையுமா என்பதற்கு ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. பிரிட்டனில் முதியோர் இல்லங்களில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், 2018-இல் வெளியானது கலக்கம் குறைந்து வாழ்க்கைத் தரம் உயர்ந்ததைக் காட்டியது. 2019-இல் வெளியான மற்றொன்றில் கலக்கம் குறையவில்லை. இரண்டும் இல்லங்களில் நடந்தவை. தனி ஆளாக வேலை செய்யும் வீட்டுப் பராமரிப்பாளரைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் குறைவு. வயதானவர்போல் உணரவைக்கும் கண்ணாடி, காதடைப்பான், கனமான காலணி மாட்டி நடக்கவைக்கும் பயிற்சிகள் இப்போது பிரபலம். அவை இரக்கத்தைத் தூண்டும்; வேலையை மாற்றுகின்றனவா என்பது ஐயம்தான். அதற்குச் செலவழிக்கும் பணத்தை ஒரு மேற்பார்வையாளரின் நேரத்துக்குச் செலவழியுங்கள் என்பேன்.

நான் இப்போது செய்யும் முறை இப்படி. வேலை தொடங்கும் முன் இரண்டு அரை நாட்கள். புதிய வீட்டுக்கு முதல் நாள் அனுபவமுள்ள ஒருவர் கூடவே போவார். பிறகு ஆறு வாரம், வாரத்துக்கு அரை மணி நேரம், அந்த வீட்டில் நடந்த ஒரே ஒரு நிகழ்வை எடுத்துப் பேசுவோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடுவார்கள். இவற்றுக்கான நேரத்துக்குச் சம்பளம் உண்டு. இல்லாவிட்டால் மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள், வராததில் தவறும் இல்லை. எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்கள் குரல்பதிவாக அனுப்புவார்கள். பத்து நிமிடக் கதையை அவர்கள் எழுதுபவர்களைவிட நன்றாகச் சொல்கிறார்கள். இல்லத்தில் வேலை செய்பவருக்குப் பக்கத்து அறையில் ஒரு சக ஊழியர் இருப்பார். வீட்டில் இருப்பவருக்கு யாரும் இல்லை. அதனால் எந்த நேரத்திலும் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண் அவரிடம் இருக்கவேண்டும், எடுப்பவர் முதலில் திட்டக்கூடாது. இதை ஏற்பாடு செய்ய முடியாவிட்டால், பயிற்சியைத் தொடங்குவதைத் தள்ளிப்போட்டாவது இதை முதலில் செய்யுங்கள்.

ஒரே வீட்டுக்கு ஒரே ஆளை அனுப்புங்கள். ஆள் மாறினால் கற்றது எல்லாம் மாறியவரோடு போய்விடுகிறது. குடும்பத்திடம் நோய் வரலாற்றோடு வாழ்க்கை வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள்: எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்த நேரம் குளித்துப் பழகியவர், என்ன வேலை செய்தார், எதற்குப் பயப்படுவார், எதைச் சொன்னால் சிரிப்பார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கதவைத் தட்டும் ஒரு பெரியவருக்குத் தூக்க மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முப்பது வருடம் அச்சகத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர் என்பதைக் குடும்பம் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அவருக்கு அடுக்கவும் மடிக்கவும் ஒரு கட்டு பழைய தாள்களைக் கொடுத்தார்கள். மேசை விளக்கடியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அடுக்கிவிட்டு அவராகவே படுக்கப் போனார். எல்லா இரவும் அப்படி இல்லை, பல இரவுகள் அப்படியே கழிந்தன.

சாப்பாடு, விழுதல், படுக்கைப்புண் பற்றி உங்கள் ஆட்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மறதிநோய்க்கென்று சேர்க்கவேண்டியது கொஞ்சம்தான்: கண் சரியாக இருந்தாலும் மூளை ஆழத்தைத் தவறாகப் படிக்கும் என்பதால் தரையிலுள்ள கறுப்பு விரிப்பு குழியாகத் தெரியலாம், தட்டும் உணவும் ஒரே நிறத்தில் இருந்தால் உணவே தெரியாமல் போகலாம், தண்ணீர் குடித்ததும் இருமுவது புதிதாகத் தொடங்கினால் அன்றே சொல்ல வேண்டும்.

பயிற்சியால் முடியாதவையும் உண்டு. பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் வேலை செய்பவருக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க முடியாது, ஓய்வு கொடுக்கத்தான் முடியும். கை ஓங்கப்பட்டால் மணிக்கட்டைப் பிடிக்காமல் கைக்கெட்டாத தூரத்துக்கு விலகு, வெளியேறும் வழியை மறிக்காதே, குரலைத் தாழ்த்து என்று சொல்லித்தரலாம். அப்படியும் அடிபடுவார்கள். தகாத இடத்தில் தொடுவது நடக்கும். அது நோயால் வந்தாலும் பராமரிப்பாளருக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான். சில வீடுகளில் இரண்டு பேர் வேண்டும். சில வீடுகளில் நோயாளியால் அல்ல, குடும்பத்தால் வேலை செய்ய முடியாது. அந்த வீடுகளை விட்டு விலகும் முடிவை நீங்கள் எடுக்கவேண்டும். அதைப் பராமரிப்பாளரின் தலையில் போட்டால், அவர் வீட்டை விடமாட்டார், வேலையையே விட்டுவிடுவார்.

நின்றுபோன அந்தப் பெண்ணிடம் பேசினீர்களா என்று உங்கள் கேள்வியில் இல்லை. பேசவில்லையென்றால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். திரும்பி வரச்சொல்லிக் கேட்பதற்காகப் போகவேண்டாம். கன்னம் எப்படியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அதன்பிறகு, அவருக்கு விருப்பமிருந்தால், அந்த அறைக்கு முந்தைய பத்து நிமிடத்தை அவர் சொல்லச் சொல்லக் கேளுங்கள். நடுவில் அறிவுரை எதுவும் சொல்லவேண்டாம். மற்ற பதினொரு பேருக்கு நீங்கள் நடத்தப்போகும் முதல் வகுப்புக்கு வேண்டியது அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கும். வந்து அதை அவரே சொல்லச் சம்மதித்தால், பயிற்சியாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தை அவருக்குக் கொடுங்கள்.